பத்துக்கு எத்தனை அக்கா

எங்கள் அறைக் கதவில் மூன்று பெயர்ப்பலகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். ‘புதிய பொருட்கள் ஆய்வு’, ‘செயற்கைக்கோள் படப் பிரிவு’, ‘புற்றுநோயாளர் நலவாழ்வு ஆய்வு’. பழைய கட்டடத்தைச் சரிசெய்யும்வரை ஆறே மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் மூன்று பிரிவையும் ஒரே அறைக்குள் தள்ளினார்கள். நான்கு வருடம் ஓடிவிட்டது. அந்தக் கட்டடத்தைச் சரிசெய்யவும் இல்லை, அது விழவும் இல்லை.

முதல் பலகைக்குச் சொந்தக்காரரை நாங்கள் ‘உடைப்பு சார்’ என்போம். மருந்தைத் தடவி உடம்பில் ஒட்டிக்கொள்வதற்கான ஒரு மெல்லிய பிளாஸ்டிக்கை அவர் உருவாக்கிக்கொண்டிருக்கிறார். தினமும் ஒரு துண்டை இயந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவில் மாட்டி, அறுந்துபோகிறவரை இழுப்பார். ‘டப்’ என்று சத்தம் வந்தால் முகம் மலர்ந்து குறித்துக்கொள்வார். இரண்டாவது பலகை என்னுடையது. அறுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து இது குளம், இது வயல், இது பள்ளிக்கூடக் கூரை என்று சொல்வது என் பிழைப்பு. சொன்னது சரியா என்று மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய் நேரிலும் பார்ப்பேன். குளம் என்று நான் சத்தியம் செய்த ஓரிடத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய நான்கு லாரிகள் நின்றிருந்தன. அதைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டாம்.

மூன்றாவது பலகையின் ஆள்தான் அக்கா. ஐம்பத்தோரு வயது. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. இங்கே வருவதற்கு முன்னால் மின்விசிறிக் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கும் மேஜையில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தவர். ‘பெரிசா ஒண்ணுமில்லைங்க’ என்று பேச்சை ஆரம்பிக்கிறவர் வீட்டில்தான் மின்விசிறி கழன்று கட்டில்மேல் விழுந்திருக்கும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். அந்தப் பாடத்தை அவர் மறந்து தொலைத்திருந்தால் எங்கள் நிறுவனத்துக்கு இவ்வளவு தலைவலி வந்திருக்காது.

இங்கே அவருக்குக் கொடுத்த வேலை சுலபமானது. சிகிச்சையில் இருக்கும் எண்பது புற்றுநோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள். முதல் குழுவில் நாற்பது பேர். அவர்களுக்கு வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி வகுப்பு, மனநல ஆலோசகர், கூடிப் பேச ஒரு அறை, எல்லாம் உண்டு. இரண்டாவது குழுவில் நாற்பது பேர். அவர்களுக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையைத் தவிர எங்களிடமிருந்து ஒன்றும் கிடையாது. இரண்டு குழுவையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அக்கா போனில் கூப்பிட்டு, அச்சடித்த பன்னிரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, மனசு எப்படி, மொத்தத்தில் நாட்கள் எப்படிப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். எண்ணை எழுதிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். முதல் குழு தேறி, இரண்டாவது குழு அப்படியே இருந்தால் வகுப்புகளால் பலன் உண்டு என்று நிரூபணமாகும். இதுதான் டாக்டரம்மாவின் திட்டம். டாக்டரம்மா என்றால் இந்த ஆய்வின் தலைவர். நடந்துகொண்டே சாப்பிடுவார், உட்கார்ந்தால் கால் ஆட்டுவார்.

அக்காவுக்கு முதல் வாரமே மூக்கில் வேர்த்துவிட்டது. இரண்டாவது குழுவில் யாரைக் கேட்டாலும், எதைக் கேட்டாலும் ஏழு என்றார்கள். தூக்கம் ஏழு. மனசு ஏழு. எண்ணிப் பார்த்துச் சொன்ன ஏழு இல்லை அது. போன் செய்தவர் மனம் நோகக்கூடாது என்று மரியாதைக்காக எடுத்து நீட்டிய ஏழு.

“என்ன தம்பி இது, எல்லாரும் கூடிப் பேசி வெச்ச மாதிரி ஏழுங்கறாங்க” என்று என்னிடம் கேட்டார்.

“சொன்னத எழுதிக்கங்கக்கா. உங்களுக்கு என்ன?”

“நீங்க மட்டும் குளத்த நேர்ல போய்ப் பாக்கறீங்க?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். பெரிய மேதாவி மாதிரி, மேலேயிருந்து பார்ப்பது பாதிதான், தரையில் நின்று சரிபார்த்தால்தான் அது விவரம் என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து நான் பூரித்துப்போனது இப்போதும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அக்காவிடம் ஏழு என்று சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியவில்லை. எங்களுக்கு ஒரு பக்கப் பேச்சுதான் கேட்கும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரோடு அவர் நடத்திய விசாரணை அறைக்கே மனப்பாடம்.

“தூக்கம் ஏழா? சரிங்க. எத்தன மணிக்குப் படுத்தீங்க? ஒன்பதா. எப்ப எந்திரிச்சீங்க? ரெண்டு மணிக்கா? அப்புறம்? விடியற வரைக்கும் ஜன்னல்ல நின்னு எந்த பஸ் லேட்டா வருதுன்னு பாத்தீங்களா? அதுக்கு ஏழுன்னா, நல்லாத் தூங்கினா என்ன சொல்வீங்க, பதினெட்டா? சரி, மூணு போடறேன். கோச்சுக்காதீங்க. மச்சினன் வந்து பாத்தாரா? ஏன் வரல?”

மச்சினன் ஏன் வரவில்லை என்பது பன்னிரண்டு கேள்விகளில் எங்கும் கிடையாது. ஆனால் அதைக் கேட்காமல் மனசு எத்தனை என்று எப்படி எழுதுவது என்பார் அக்கா. நோயாளிகளின் பெயரை அறையில் சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதியை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார். பஸ் டிரைவர், தையல்காரம்மா, கணக்கு வாத்தியார், பூக்கடைக்காரர் என்று தொழிலை வைத்துத்தான் பேச்சு. தையல்காரம்மா அவருக்குப் பெரிய சவால். ஏழிலிருந்து உண்மைக்கு இறக்கிக் கொண்டுவரவே மூன்று மாதம் பிடித்தது. இறங்கி வந்த பிறகு மூன்று, இரண்டு, மூன்று என்று அங்கேயே நின்றுவிட்டார்.

வீட்டிலும் அக்கா இதையே செய்வார் என்பது அவர் கணவர் வாயாலேயே தெரிந்தது. தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருப்பவர், சாது. ஒருநாள் மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினார். “குழம்பு எப்படின்னு கேட்டா நல்லாருக்குன்னுதானே சார் சொல்லணும்? நல்லாருக்குன்னா எத்தனங்கறா. எட்டுன்னா, அந்த ரெண்டு எங்க போச்சுங்கறா. எங்கம்மா ஒருத்திதான் தைரியமா பூஜ்ஜியம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவங்கள இவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.” மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருப்பதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

‘பத்துக்கு எத்தனை அக்கா’ என்ற பெயரை வைத்தது உடைப்பு சார். அக்காவுக்கு அதில் வருத்தம் இல்லை. பெயர் எப்படி என்று சார் கேட்டதற்கு ஆறு கொடுத்தார்.

இரண்டு வருடம் முடிந்தது. டாக்டரம்மா எண்களைக் கூட்டிப் பார்த்தார். முதல் குழு நன்றாகத் தேறியிருந்தது. ஆரம்பத்து ஏழுகள் இறங்கிய பிறகு மெல்ல ஏறி, இரண்டாவது குழுவும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தது. வகுப்பு நடத்தியவர்கள், ஆலோசகர், வண்டி ஏற்பாடு, இரண்டு வருட உழைப்பு எல்லாம் சேர்ந்து ஒன்றுமே செய்யாததற்குச் சமம் என்று தாள் சொன்னது. டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை.

படம் போடுவதில் நான் கெட்டிக்காரன் என்று யாரோ சொல்லிவைத்ததால், எங்கேயாவது கோளாறு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லி எல்லா விவரத்தையும் என்னிடம் கொடுத்தார். போன் பேசிய நேரமும் அதில் இருந்தது. முதல் குழுவுக்குச் சராசரி ஏழு நிமிடம், இரண்டாவது குழுவுக்கு இருபத்தைந்து. இரண்டு நிறத்தில் வரைந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஒன்றும் கிடைக்காத குழுவுக்கு அக்கா கிடைத்திருக்கிறார். அந்தப் பிரசங்கம் செய்தவன் நான் அல்லவா? இருந்தாலும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். மறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு தொழில் தர்மம் இருக்கிறது, அந்த லாரிகளுக்குப் பிறகு அது கொஞ்சம் கூடியிருந்தது.

டாக்டரம்மா எங்கள் அறைக்கே வந்துவிட்டார். உடைப்பு சார் இயந்திரத்தை நிறுத்தினார்.

“இருபத்தஞ்சு நிமிஷம் என்ன பேசினீங்க?”

“கேள்விதான் கேட்டேன் டாக்டர்.”

“பன்னிரண்டு கேள்விக்கு ஏழு நிமிஷம் போதும்.”

“கேக்கறதுக்குப் போதும். பதில் வர்றதுக்குத்தான் நேரமாகுது.”

“அப்ப முதல் குழு மட்டும் எப்படி ஏழு நிமிஷத்துல சொல்றாங்க?”

“அவங்க வகுப்புல ஒருத்தரோட ஒருத்தர் பேசி, மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க. நம்பர் பட்டுனு வரும். இவங்க கிட்ட யாரு பேசறாங்க? நான் கூப்பிடறப்பதான் வாயையே தொறக்கறாங்க. தொறந்ததும் ஏழுங்கறாங்க. அது பொய் டாக்டர்.”

“பொய்யா இருந்தா அந்தப் பொய்யையே எழுதியிருக்கணும்.”

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. அவரை யாராவது திருடி என்று சொல்லியிருந்தால்கூட முகம் அப்படி ஆகியிருக்காது.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னார். “உங்கள அளக்கச் சொன்னேன். நீங்க மருந்து குடுத்துட்டு அளந்திருக்கீங்க. இப்ப எதனால யார் தேறினாங்கன்னு நான் எத வெச்சுச் சொல்றது?”

பிறகு ஒரு தாளை நீட்டினார். கேள்விகளை விதிப்படி கேட்கவில்லை என்று அக்கா எழுத்தில் ஒப்புக்கொள்ளும் அறிக்கை. அதில் கையெழுத்து விழுந்தால் இரண்டாவது குழு நாற்பது பேரின் பதில்களும் செல்லாதவை என்று நீக்கப்படும். புதிதாக நாற்பது பேரைத் தேடி, புதிதாக ஒருவரை வைத்து மறுபடி ஆரம்பிப்பார்கள். வேலை போகாது, வேறு பிரிவுக்கு மாற்றல் என்றும் சொன்னார்.

அக்கா தாளை இரண்டு முறை படித்தார். “என்னை வேணா அனுப்பிடுங்க டாக்டர். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“பிடிவாதம் பிடிக்காதீங்க.”

“அந்த நாப்பதுல நாலு பேரு இப்ப இல்ல. ஊசி போட்டுட்டு வந்து, பக்கத்துல பக்கெட்ட வெச்சுக்கிட்டு பதில் சொன்னாங்க. இருங்கம்மான்னு சொல்லி வாந்தி எடுத்துட்டு வந்து, எந்தக் கேள்வில விட்டோம்னு கேப்பாங்க. அவங்களுக்கு இதுல என்ன கெடச்சுது? வகுப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது. பின்னாடி வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு நாமதானே பேப்பர்ல அடிச்சுக் குடுத்தோம்? அத நம்பிச் சொன்னாங்க. மத்தவங்கள வேணா திரும்பக் கேக்கலாம். அந்த நாலு பேர எங்க போய்க் கேக்கறது? அழிக்கணும்னா நீங்களே அழிச்சுக்கங்க. நான் எழுதித் தர மாட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். அறுநூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஈரத்தைக் கண்டுபிடிக்கிறவன் நான்; இரண்டு வருடமாக ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தும் இவர் நான்கு பேரைப் பறிகொடுத்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது.

கையெழுத்து இல்லாமல் நீக்க வேண்டுமென்றால் விதிமீறல் எவ்வளவு என்று டாக்டரம்மாவே கணக்கெடுத்தாக வேண்டும். பேச்சுகள் நோயாளிகளின் சம்மதத்தோடு பதிவானவை. இருபதுக்கு ஒன்று வீதம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, காதில் கருவியை மாட்டிக்கொண்டு எங்கள் அறை மூலையில் உட்கார்ந்தார். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குறிப்பு எடுத்தார். ‘கேள்வி மாற்றம்’, ‘தேவையற்ற பேச்சு’ என்று பக்கம் பக்கமாக. இரண்டாம் நாள் மத்தியானம் தனியாகச் சிரித்தார். எங்களைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் கருவியைக் கழற்றிவிட்டு, ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத அக்காவின் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

“அந்த டிரைவரோட மச்சினன் வந்தாரா, இல்லையா?”

“அது அதுக்கப்புறம் நாலாவது போன்ல வரும். கேளுங்க” என்றார் அக்கா. அவரும் திரும்பவில்லை.

இருபதுக்கு ஒன்று என்று ஆரம்பித்தவர் டிரைவருடையதை மட்டும் ஒன்று விடாமல் கேட்டு முடித்தார் என்பது எனக்குத் தெரியும். மச்சினன் வந்தார். வந்து சண்டை போட்டார். அதற்கு டிரைவர் மனசு எட்டு என்றார், அக்கா ஒத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் டாக்டரம்மா ஒரு முடிவோடு வந்தார். யாருடைய பதிலும் நீக்கப்படாது. ஆனால் இரண்டாவது குழுவுக்கு ஒன்றும் தரவில்லை என்று எழுத முடியாது. ஒரு பெண் போன் செய்து, நம்பும்படியான பதில் வரும்வரை விசாரித்தார் என்று உள்ளதை உள்ளபடி எழுதுவது. வகுப்புதான் குணப்படுத்தியது என்று நிரூபிக்கிற ஆசையைக் கைவிடுவது. அந்த ஆசைக்காகத்தான் இரண்டு வருடமாக நடந்துகொண்டே சாப்பிட்டார். பெரிய பத்திரிகைகள் இரண்டும் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. மூன்றாவது இடத்தில், சின்னப் பத்திரிகை ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்காமல் விடவில்லை. விதி விதிதான். அதைப் படித்துவிட்டு, சராசரி இருபத்தைந்து என்று போட்டது தப்பு, இருபத்து நான்கரைதான் என்று திருத்தித் திருப்பிக் கொடுத்தார். டாக்டரம்மா வாங்கிக்கொண்டு போனார்.

கட்டுரைக்கான படத்தை நான் வரைந்தேன். இரண்டாவது குழுவில் ஒரு நோயாளிக்கு ஒரு கோடு என்று நாற்பது கோடுகள், இடமிருந்து வலமாக இரண்டு வருடம். ‘மொத்தத்தில் நாட்கள் எப்படி’ என்ற கடைசிக் கேள்விக்கான எண்ணை மட்டும் எடுத்திருந்தேன். பெயர் இல்லை, தொழில் இல்லை. நான்கு கோடுகள் நடுவழியில் நின்றன. அழகாகத்தான் வந்திருந்தது. அச்சுக்குப் போகும் முன்னால் அக்காவுக்குக் காட்டலாம் என்று கூப்பிட்டேன்.

அக்கா திரையை உற்றுப் பார்த்தார். இந்த மாதிரிப் படங்கள் அவருக்குப் பழக்கமில்லை, எப்படிப் படிப்பது என்று விளக்கத் தயாராக இருந்தேன். அதற்குள் விரல் போய் ஒரு கோட்டின் மேல் நின்றது. “இது டிரைவர். இங்க மச்சினன் வந்த வாரம்.” விரல் நகர்ந்தது. “கணக்கு வாத்தியார். முடி திரும்ப மொளச்சப்ப.” நடுவில் நின்றுபோன ஒரு கோட்டுக்கு வந்தது. ஏழில் ஆரம்பித்து இறங்கி, பிறகு கீழேயே ஊர்ந்து வந்து, இரண்டில் முடிகிற கோடு.

“இதுல ஒரு புள்ளி கொறையுது தம்பி.”

“கொறையல அக்கா. கடைசியா ஒரு ஒன்பது இருந்துச்சு. ஆரம்பத்து ஏழுக்கப்புறம் மூணு தாண்டாத கோடு திடீர்னு ஒன்பதுக்குத் தாவி நின்னுடுச்சு. தட்டறப்ப வெரல் தவறியிருக்கும்னு எடுத்துட்டேன். எங்க படத்துலயும் ஒரு புள்ளி மட்டும் பளிச்சுனு இருந்தா, அது ஏதாவது தகரத்துல பட்ட வெயிலா இருக்கும். நீக்கிடுவோம்.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெரல் தவறல. தையல்காரம்மா. கடைசி போன். அடுத்த தடவ கூப்பிட்டப்ப அவங்க தம்பிதான் எடுத்தாரு.” கண்ணாடியைக் கழற்றினார். “ஒன்பதுன்னாங்க. நானும்தான் நம்பல. வலி கொறஞ்சுதான்னு கேட்டேன். இல்ல, எட்டுன்னாங்க. தூக்கம் இல்ல. சாப்பாடு ரெண்டு வாய். கட்டில விட்டே எறங்கல. அப்புறம் எப்படிம்மா ஒன்பது, என் மனசுக்காகச் சொல்லாதீங்கன்னு கேட்டேன். வாழ்நாள் பூரா எல்லாரையும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பினவ நானு, இன்னிக்குத்தான் அடுத்தவங்க துணி ஒண்ணுகூட என் வீட்ல இல்லம்மான்னாங்க. படுத்துக்கிட்டே கையால தச்சிருக்காங்க. முடிச்சு அனுப்பிட்டாங்க.”

அந்த நான்கு பேரின் பதிலை யாரும் அழிக்கக்கூடாது என்று அக்கா வேலையையே பணயம் வைத்தார். நான் டீ குடித்துக்கொண்டே அதில் ஒன்றை அழித்திருக்கிறேன்.

“அப்ப ஏன் பத்து சொல்லலன்னும் கேட்டுட்டேன்” என்றார் அக்கா. “அவங்க தம்பி சட்டைக்கு மட்டும் பொத்தான் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரங்க கடைக்குப் போயிருக்காங்க, அவங்க வந்ததும் பத்துன்னாங்க.”

ஒன்பதைத் திரும்பப் போட்டேன். கோடு சட்டென்று நிமிர்ந்து, எல்லாக் கோட்டையும் தாண்டி மேலே போய் நின்றது. பொத்தான் எப்படியும் வந்திருக்கும், பத்தாகவே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். என்னால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“வேண்டாம் தம்பி. அவங்க சொன்னது ஒன்பது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புள்ளி ஒன்பதின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திரையருகே குனிந்து பார்த்தார்.